விடியுமுன் எந்தக் கிழமை

என் கணவர் செத்தது வெள்ளிக்கிழமையா சனிக்கிழமையா என்று கேட்டவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்த வீட்டில், பந்தலுக்குக் கீழே, அவருடைய முகத்தை நான் ஆறுதலாகப் பார்த்து முடிப்பதற்குள் கேட்டார்கள். நோகச் செத்தாரா, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டவர்கள் குறைவு. கிழமையைக் கேட்டவர்கள்தான் அதிகம். இன்றைக்கும் சந்தையில் யாராவது பிடித்து நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "உங்கட மனுசன் சனியிலயோ போனவர்?" என்று கேட்டால் எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறும்.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவள். காணியும் பனையும் இருந்த சைவக் குடும்பம். அவர் அல்லைப்பிட்டிக்காரர், கத்தோலிக்கர், கடலுக்குப் போகிறவர். நாங்கள் கலியாணம் கட்டியபோது என் வீட்டில் யாரும் வரவில்லை. ஐயாவும் அம்மாவும் கண் மூடும்வரை அவரை வாசற்படி ஏறவிடவில்லை. அண்ணை கனடாவில் இருந்தபடியால் தப்பிக்கொண்டார். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை. அக்கா மட்டும் என்னோடு கதைத்தாள். அவளுடைய மாமியார் வீடும் இறுப்பிட்டிதான். அவர்களுக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, பள்ளி விடுமுறைக்கு எங்களிடம் விட்டுவிட்டுப் போவாள். நான் அல்லைப்பிட்டியில் முன்பள்ளி நடத்துகிறேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்தப் பாட்டைச் சொல்லும்போது ஒரு நாள் முடிந்து மற்ற நாள் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நான் யோசித்ததில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு, சனிக்கிழமை பொழுதுபடும்போதே வந்துவிடும். சனி பின்னேரம் தேவாலயத்தில் ஞாயிறு பூசை வைப்பார்கள். மணி அடித்ததும் அவர் வலை பொத்துகிற ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

"மணி அடிச்சிட்டுது. இனி ஞாயிறு," என்பார். "தேத்தண்ணி ஒண்டு தாரும்."

அக்காவின் வீட்டில் எல்லாம் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். விடியும்வரைக்கும் அது முதல்நாள்தான். ஒருமுறை அக்கா கொழும்புக்குப் போக எங்கள் வீட்டில் தங்கினாள். சனிக்கிழமை இருட்டோடு வெளிக்கிட வேண்டும். வழியில் சாப்பிடட்டும் என்று பாணும் முட்டைப் பொரியலும் கட்டிக் கொடுத்தேன். அதைக் கையால் தொடவில்லை. "இன்னும் விடியேல்லையடி. எனக்கு இப்பவும் வெள்ளி. முட்டை வைச்ச பார்சலை என்ர பையில வைக்காதை," என்றாள். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "உம்முடைய அக்காவுக்குச் சூரியன்தான் மணி அடிக்கவேணும்," என்றார்.

அரசாங்கத்துக்கு நடுச்சாமத்தில் நாள் மாறும். அண்ணைக்கு எங்களுடைய காலை, முதல்நாள் இரவு. திதிக்கும் திருவிழாவுக்கும் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று சண்டை பிடிக்கிற எங்கள் ஆட்களும் கிழமையில் சண்டை பிடிப்பதில்லை. ஏழு கிழமையும் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த நேரத்தில் ஒன்று போய் மற்றது வருகிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. இது ஒரு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் நானும் மரக்கறி, அவரும் மரக்கறி. நான் முருகனுக்கு, அவர் யேசுவுக்கு. கடற்கரை வீட்டில் வாரத்தில் ஒரு நாள் குசினியில் மீன் மணக்காது. அந்த ஒரு நாளில் எங்களுக்குள் எந்த வித்தியாசமும் இருக்கவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் கடலால் வந்தார். கத்தரிக்காய்க் கறியோடு சோறு சாப்பிட்டார். கதிரையில் சாய்ந்திருந்தவர், நெஞ்சுக்குள் ஏதோ இறுக்குகிறது என்றார். அவர் நோகிறது என்று சொல்லுகிற ஆள் இல்லை. உடனே ஓட்டோ பிடித்துப் பண்ணைப் பாலத்தால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் எங்கள் மகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இருந்தோம். வார்ட்டில் ஊசி போட்டு, வயர்கள் பூட்டி, பின்னேரமளவில் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "வலை வெயிலில கிடக்குது. ஆரையும் எடுத்து வைக்கச் சொல்லும்," என்றார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது. ஆண்கள் வார்ட்டில் பெண்கள் இரவு நிற்க ஏலாது. பக்கத்துத் தெருவில் தெரிந்தவர்கள் வீட்டில் மகளும் நானும் படுத்தோம். விடியுமுன் ஃபோன் வந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவருடைய முகத்தை மூடியிருந்தார்கள். வெளியில் வானம் இன்னும் வெளுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை என்று எழுதினார்கள். நடுச்சாமம் தாண்டிவிட்டது, அவர்களுடைய கணக்கில் அது சரி. நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

மத்தியானத்துக்குமுன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அவருடைய அக்கா, என் மச்சாள், முற்றத்தைக் கூட்டிப் பந்தல் போடுவித்து, மெழுகுதிரி கொளுத்தி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். நெஞ்சழுத்தமான மனுசி. தம்பியின் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்ச் செபமாலையை எடுத்தாள். நான் அவருடைய தலைமாட்டில் இருந்தேன். பிறகு ஒரு வாடகை வானில் அக்காவும் அத்தானும் மாமியார் வீட்டு ஆட்களும் வந்து இறங்கினார்கள். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அழுது முடித்ததும் என் காதுக்குள் கேட்டாள்:

"என்ன நேரமாம் போனது?"

"விடியமுதல்."

"பன்னிரண்டுக்குப் பிறகோ?"

"ஓம். ஏன்?"

"அப்ப சனி." அவளுடைய கை என் தோளை விட்டது. "தங்கச்சி, சொல்லுறன் எண்டு கோவியாதை. ஒரு கோழிக்குஞ்சு கட்டி விடவேணும்."

சனிக்கிழமை போகிற சவம் துணைக்கு ஆள் தேடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. வேறு உயிரைக் கேட்காமல் இருக்க ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டி அனுப்புவார்கள். சின்ன வயதில் நானும் பார்த்திருக்கிறேன். சுடலைக்குப் போகிற வழியெல்லாம் கத்திக்கொண்டு போகும்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அழுகை நின்றுவிட்டது.

"அக்கா, விடியமுதல் போனவர். உங்கட பஞ்சாங்கப்படி அது வெள்ளி."

"ஆஸ்பத்திரியில சனியெண்டுதானே எழுதியிருக்கு."

"நீங்கள் எப்ப ஆஸ்பத்திரியைக் கேட்டு நாள் பாத்தனீங்கள்? கொழும்புக்குப் போகேக்கை முட்டைப் பார்சலைத் தொடமாட்டன் எண்டனீங்கள். அப்ப விடியமட்டும் வெள்ளி. இப்ப என்ர மனுசனுக்கு மட்டும் நடுச்சாமத்தோட சனியோ?"

"அது விரதம். இது வேற."

"ஒரே விடியல்தானே அக்கா."

அக்கா பின்னால் நின்ற அவளுடைய மாமியார் வீட்டுப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் எல்லோரும் இந்தக் கதையைத்தான் வானுக்குள் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. புங்குடுதீவிலிருந்து அல்லைப்பிட்டி வரும்வரை, கடல் நடுவே அந்த நீளமான தெருவில், என் கணவரைப் பற்றி அவர்கள் கதைத்தது அது ஒன்றுதான்.

எனக்கு உதவிக்கு வருவாள் என்று நான் நினைத்த மச்சாளும் வேறு மாதிரித்தான் வந்தாள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து, "நீர் ஏன் வெள்ளி எண்டு வாதாடுறீர்?" என்றாள். "சனி மாதாவின்ர நாள். உத்தரியம் போட்ட ஆக்களை மாதா சனியிலதான் கைபிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவா. அவன் சின்னனிலயிருந்து மாதா படம் தைச்ச அந்தத் துணிமாலையைக் கழுத்தில போட்டவன். அவனுக்குக் கிடைச்ச வரம் அது. அதை இல்லையெண்டு சொல்லாதையும்."

ஒருத்திக்குச் சனி சாபம். மற்றவளுக்கு வரம். இரண்டு பேருக்கும் அவர் சனியில்தான் செத்திருக்க வேண்டும். வாழ்ந்த காலத்தில் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு குடும்பமும் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒத்துப்போனது. நடுவில் நான். எனக்கு வெள்ளியும் வேண்டாம், சனியும் வேண்டாம். என்னை அவரோடு கொஞ்ச நேரம் விட்டால் போதும் என்றிருந்தது.

அக்கா அண்ணையை வீடியோ கோலில் எடுத்து ஃபோனை என் கையில் தந்தாள். அவர் அழுதார். பிறகு, "நான் வேலையால வந்து கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கேக்கைதான் போயிருக்கிறார். இஞ்ச வெள்ளி பின்னேரம்," என்றார்.

"அப்ப அக்காவுக்குச் சொல்லுங்கோ, வெள்ளியெண்டு."

"எனக்கு வெள்ளிதான். ஆனா செத்தது அங்கதானே பிள்ளை. அக்காவின்ர மனத்திருப்திக்குச் செய்துவிடன். ஒரு கோழிக்குஞ்சுதானே."

ஃபோனை அப்படியே அக்காவின் மடியில் போட்டேன். கலியாணத்துக்கு வராத அண்ணை, பிள்ளை பிறந்தபோது வராத அண்ணை, செத்த வீட்டுக்கு மட்டும் கோழிக்குஞ்சு அனுப்பச் சொல்கிறார்.

அடக்கம் ஞாயிறு பின்னேரம். அக்கா ஆட்கள் முதல்நாள் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அக்காவின் கையில் மூடி போட்ட ஒரு பனையோலைப் பெட்டி. விபூதியோ பூவோ என்று நினைத்தேன். சுவாமியார் வந்து வீட்டில் செபம் சொல்லத் தொடங்கினார். எல்லோரும் எழும்பி நின்றோம். "நித்திய இளைப்பாற்றியை" என்று சுவாமியார் சொன்ன இடத்தில் அந்தப் பெட்டிக்குள் கீச்சென்று சத்தம் கேட்டது. யாரோ ஒரு பிள்ளை சிரித்தது. சுவாமியார் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். அது விடாமல் கத்தியது.

நான் அவருடைய கால்மாட்டைச் சுற்றிப் போய் அந்தப் பெட்டியைப் பறித்துத் திறந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு குஞ்சு. காலில் கறுப்பு நூல் கட்டியிருந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். "சவப்பெட்டியில கட்டவேண்டாம். சவம் ஏத்துற வானில, பின்னால ஒரு மூலையில, ஒருத்தருக்கும் தெரியாம…"

"எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றேன். என் குரல் எனக்கே வேறு ஆளுடைய குரலாகக் கேட்டது. "என்ர மனுசன் ஆரையும் கூட்டிக்கொண்டு போற ஆள் இல்லை. உயிரோட இருக்கேக்கை அவரை உங்கட வீட்டு வாசலுக்குக்கூட நீங்கள் கூப்பிடேல்லை. இப்ப செத்தாப்பிறகு அவர் உங்களைத் தேடி வருவார் எண்டு பயப்பிடுறீங்கள். ஏன் வரப்போறார்? அவருக்கு வழியே தெரியாது!"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். அவருடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது. வெட்கம் என்று நினைத்தேன். மாமியார் வீட்டுப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தாங்கள் வந்த வானை நோக்கி நடந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், சவப்பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தாள், பிறகு அவளும் போனாள். சேமக்காலைக்கு என் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. மூன்று பிடி மண் போடும்போது மகளுடைய கை மட்டும்தான் எனக்குப் பக்கத்தில் இருந்தது.

குஞ்சின் காலில் கிடந்த நூலை மகள் பல்லால் கடித்து அறுத்துப் பின்வளவில் விட்டாள். அது வளர்ந்து, முட்டையும் இட்டது. அதில் ஒரு அதிசயமும் இல்லை.

அதற்குப் பிறகு அக்கா ஃபோன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கதைகள் மட்டும் பாலம் கடந்து வந்தன. அவளுடைய மாமனாரின் தமையன் இறந்துபோனாராம். தொண்ணூறு தாண்டி, வருடக்கணக்காகப் பாயில் கிடந்த மனுசன். அவரையும் என் கணவர்தான் துணைக்குக் கூப்பிட்டாராம். சந்தையில் மீன் விற்கிற ஒருத்தி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. வாங்கின நண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? ஆனால் என் கோபம் அப்படி இருந்தது. யார் முன்னால் நின்றாலும் அவர்கள்மேல் போய் விழுந்தது. முன்பள்ளியில் "வெள்ளி, சனி" என்று பிள்ளைகள் பாடும்போது அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன்.

மச்சாளும் சும்மா இருக்கவில்லை. கல்லறைக்குக் கல் பதிக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். நான் போய்ப் பார்த்தபோது தேதிக்குக் கீழே "மாதாவின் நாளாகிய சனிக்கிழமை" என்று வெட்டி முடித்திருந்தார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கே மேசனைக் கூப்பிட்டு அந்த வரியைச் சீமெந்தால் பூசி மூடச் சொன்னேன். மச்சாள் இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தேன்.

அவர் செத்து ஆண்டு முடிவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அக்கா. கையில் வெற்றிலைத் தட்டம், அதன்மேல் கலியாணக் காட். அவளுடைய மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடா. குறைந்த லீவில் வருகிறாராம்.

நான் கதிரையைக் காட்டினேன். இருந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தாள். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தோம். காட்டைத் திறந்தேன். "வெள்ளிக்கிழமை பின்னிரவு, சூரிய உதயத்துக்கு முன் வரும் சுபமுகூர்த்தத்தில்" என்று பொன் எழுத்தில் அடித்திருந்தது.

இரண்டு தரம் வாசித்தேன்.

"அக்கா, இது எத்தினை மணிக்கு?"

"நாலரை போல. மாப்பிள்ளை நிக்கிற நாளுக்குள்ள வேற நல்ல நேரம் இல்லையாம். ஐயர் பாத்துத்தான் சொன்னவர்."

"அப்ப சனிக்கிழமை."

"சனியில ஆராவது தாலி கட்டுவினமோ? விடியமட்டும் வெள்ளிதானே…"

சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டத்து வெற்றிலையை நேராக்கத் தொடங்கினாள். பிறகு, அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னாள்:

"நீ தாலி கட்டுக்கு வந்து கஷ்டப்படவேண்டாம். இன்னும் ஆண்டு முடியேல்லை, மாப்பிள்ளை வீட்டுச் சனங்கள் ஏதும் நினைக்குங்கள். விடிஞ்சாப்பிறகு சாப்பாட்டுக்கு வாங்கோவன் ரெண்டு பேரும்."

பிறந்ததிலிருந்து அக்காவை நான் "நீங்கள்" என்றுதான் சொல்லுவேன். அன்றைக்கு வாயில் அது வரவில்லை.

"எழும்பு," என்றேன். "உன்ர மகளுக்கு வெள்ளி, என்ர மனுசனுக்குச் சனி. ஒரே நேரம். ஒரே இருட்டு. உனக்கு எந்த நாள் தேவையோ அந்த நாளை எடுத்துக்கொள்ளுறாய். தட்டத்தைத் தூக்கு. போ."

அக்கா அழுதுகொண்டு ஓட்டோவில் ஏறினாள். தட்டத்தை எடுத்தாள், காட் கதிரையிலேயே கிடந்தது. மகள் குசினிக்குள் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள். "கிழிச்சு எறியட்டோ அம்மா?" என்றாள். "அது அந்தப் பிள்ளையின்ர காட். அவள் என்ன செய்தவள்?" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மணப்பெண்ணே ஃபோன் எடுத்தாள்.

"சின்னம்மா, அம்மா என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியும். நான் அவவோட சண்டை பிடிச்சிட்டன். நீங்கள் தாலி கட்டுக்கு வரவேணும். முன்வரிசையில இருக்கவேணும்."

"உன்ர மாமியார் ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும். எங்கட வீட்டில மீன் மணமே தெரியாம வளந்த எனக்குச் சித்தப்பாதான் பக்கத்தில இருந்து நண்டு உடைச்சுத் தந்தவர். கையில ஓடு குத்தும் எண்டு ஒவ்வொரு காலா உடைச்சு என்ர சோத்துக் கோப்பையில வைப்பார். அவரை எடுத்த அண்டைக்கு என்னை வானில ஏறவிடேல்லை. சோதினை இருக்கெண்டு வீட்டில வைச்சிட்டினம். அது எனக்கு இண்டைக்கும் எரியுது சின்னம்மா."

அவளுடைய குரலிலும் கோபம் இருந்தது. ஒரு வருடமாக நான் தனியாகத்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

போனோம். நீல நிறப் பட்டுச்சேலை கட்டினேன். அவர் எனக்கு வாங்கித் தந்தது. வெள்ளை கட்டிக்கொண்டு மூலையில் இருக்க நான் போகவில்லை. புங்குடுதீவுக் கோயில் மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டு. உள்ளே லைட் வெளிச்சம், மேளம், வீடியோக்காரர்கள். பூட்டிக் கிடக்கிற அரைவாசி வீடுகளின் சொந்தக்காரர்கள் எல்லாம் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்திருந்தார்கள். நான் நேரே நடந்துபோய் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண் கதிரையை ஒரு சாண் தள்ளிப் போட்டாள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அவள் அசையவில்லை.

ஐயர் சங்கற்பம் சொல்லத் தொடங்கினார். வருடம், மாதம், பட்சம், திதி என்று எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மைக் வைத்திருந்தபடியால் மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது. ஆனால் கிழமையின் பெயர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டவை. "சுக்கிரவார" என்றார். வெள்ளி. வெளியில் இருட்டு. என் கணவர் உயிர் விட்ட அதே நேரம். அக்கினி சாட்சியாக, முந்நூறு சனத்துக்கு முன்னால், ஒலிபெருக்கியில், வெள்ளி.

அக்கா மணவறைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். குனிந்துகொண்டாள். தாலி கட்டும்போது நான் அறுகரிசி போட்டேன். அந்தப் பிள்ளைக்காக, முழு மனதோடுதான் போட்டேன்.

வெளிச்சம் வந்த பிறகு மண்டபத்துக்குப் பின்னால் சமையல் நடக்கிற இடத்தில் அக்காவைப் பிடித்தேன். வாழையிலைக் கட்டு ஒன்றை அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயர் சொன்னது கேட்டதோ?"

"கேட்டது." இலையைத் துடைத்தாள். "எனக்கு அண்டைக்கே தெரியும், வெள்ளியெண்டு."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. "தெரிஞ்சுகொண்டோ செய்தனீ?"

"இவருக்கும் அதே நெஞ்சு வருத்தம். அந்த வாரம்தான் டொக்டர் சொன்னவர், நெஞ்சை வெட்டி ஒப்பரேசன் செய்யவேணும், ஆனா இப்ப ஏலாது, பாத்துக்கொண்டு இருக்கவேணுமெண்டு. மகளுக்குக்கூட நாங்கள் சொல்லேல்லை. உன்ர மனுசனைப் பாக்கேக்கை எனக்கு இவர் கிடக்கிற மாதிரித்தான் தெரிஞ்சது. மாமியாக்கள் சனி சனியெண்டு சொல்லச் சொல்ல… வெள்ளியெண்டா ஒண்டுமில்லை. ஒருவேளை சனியெண்டா? பயமா இருந்தது. அவ்வளவுதான்."

அத்தானுடைய சாம்பல் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. இரங்கியிருக்கலாம். வேறு யாராவது இரங்கியிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் கூடியது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"செத்த வீட்டில, உன்ர மனுசன் கிடக்கேக்கை, என்ர மனுசனுக்குப் பயமெண்டு என்னெண்டடி சொல்லுறது?"

"கோழிக்குஞ்சோட வாறதுக்குப் பதிலா அதைச் சொல்லியிருக்கலாம். நான் உன்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பன். ரெண்டு பேரும் அழுதிருக்கலாம். நீ உன்ர பயத்தைத் தூக்கி என்ர மனுசன்ர தலையில வைச்சனீ. சாவுக்கு ஆள் பிடிக்கிறவர் எண்டு ஊர் முழுக்க ஒரு பேர் வாங்கிக் குடுத்தனீ. அத்தான் இருக்கிறார். நல்லா இருக்கட்டும். ஆனா அந்தப் பேரை நீ எப்பிடி அழிப்பாய்?"

அக்கா இலைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரோ சாம்பாருக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டார்கள், போனாள். நாங்கள் சாப்பிடாமல் வெளிக்கிட்டோம். பிள்ளை மணக்கோலத்தோடு வாசல்வரை ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய பூமாலை என் சேலையில் நசிந்தது.

ஆண்டு நினைவு வந்தது. செத்த தேதி அந்த வருடம் ஞாயிறில் விழுந்தது. திதி வேறொரு நாள். ஞாயிறு காலைப் பூசையில் அவருடைய பெயரையும் வாசிக்கச் சொல்லியிருந்தேன். பூசை தொடங்கின பிறகு திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசை வாங்கில் அக்காவும் அத்தானும். பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எழும்புவது, எந்த இடத்தில் முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

சேமக்காலைக்கும் வந்தார்கள். அக்கா கல்லைக் குனிந்து பார்த்தாள். தேதிக்குக் கீழே சீமெந்து பூசின இடம் வேறு நிறமாகத் தெரிந்தது.

"இதில என்ன இருந்தது?"

"சனிக்கிழமை எண்டு மச்சாள் வெட்டுவிச்சவ. நான் மூடிப்போட்டன்."

மச்சாள் பக்கத்தில்தான் நின்றாள், செபமாலையை உருட்டிக்கொண்டு. அக்கா கொண்டுவந்த பூவைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, "சந்தையில ஆரும் கேட்டா நான் சொல்லுறன்," என்றாள். என்ன சொல்லுவாள் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. நானும் மன்னித்ததாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சோறு போட்டேன். அத்தானுக்கு உப்பில்லாத கறி தனியாக வைத்தேன். அவர் அந்த வீட்டில் சாப்பிட்டது அதுதான் முதல்தரம். பின்னேரப் பஸ்ஸுக்கு அவர்களை அனுப்பிவிட்டு வந்தபோது மகள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கோவம் போயிட்டுதோ?"

"இல்லை," என்றேன். துணியை எடுத்து, அவள் கழுவி வைத்த கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினேன்.